முகப்பில் ஒரு பச்சைப் புள்ளி

"இன்னும் முழுசா ஆகலை." இப்படிப் போடலாமா? வேணாம், கல்யாண வீட்டுச் சமையல்காரர் பந்திக்கு ஆள் வந்தப்புறம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டுச் சொல்ற மாதிரி இருக்கு. "வளர்ச்சி நிலையில் உள்ளது." சீ, இது பாலம் கட்டுற இடத்துல நட்டு வச்சிருக்குற போர்டு. போர்டு துருப்பிடிச்சு விழுகுற வரைக்கும் பாலம் வராது. "சோதனை முயற்சி." இதாச்சும் பரவாயில்ல, ஆனா சோதனை யாருக்கு, செஞ்சவளுக்கா, நம்புனவங்களுக்கா? பாண்டிச்செல்வி கட்டைவிரலால அடிக்கிறதும் அழிக்கிறதுமா நின்னுக்கிட்டிருந்தா. வில்லாபுரத்து மாவு மில்லுல சனிக்கிழமைக் கூட்டம்னா சும்மாவா, தூக்குவாளி, எவர்சில்வர் டப்பா, ஒரு பழைய பெயிண்ட் வாளின்னு வாசப்படி வரைக்கும் வரிசை. பெல்ட் ஓடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே வாயசைப்பாத்தான் தெரிஞ்சது. மிளகாய் நெடி மூக்குல ஏறிக் கண்ணுல தண்ணி நின்னுச்சு. நல்லதாப் போச்சு, கண்ணு கலங்கியிருக்குறதுக்கு யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. வீட்டுக்குப் போய் நிம்மதியா உக்காந்து எழுதலாம்தான். ஆனா ரெண்டு நாளா மொட்டை மாடியில காஞ்ச மிளகா, வானம் வேற மூட்டம் போட்டு நிக்குது, ஒரு தூத்தல் விழுந்தா நமத்துப் போயிரும். விட்டுட்டுப் போனாலோ முன்னாடி அரைச்சவங்க மல்லி இவ தூள்ல கலந்துரும். மிளகா அரைக்கிறவ மில்லை விட்டு நகரக் கூடாதுன்னு அவ புருசன் ஒரு சட்டமே வச்சிருக்கான். சட்டம் போட்டவன் கடையில உக்காந்து காத்து வாங்கிட்டிருக்கான், நிக்கிறது இவ.

காலையில காம்பு கிள்ளிக்கிட்டு இருக்கும்போதுதான் அந்தக் கடுதாசி வந்துச்சு. கடுதாசின்னா இவ நடத்துற இணையதளத்துல இருக்கே 'எங்களுக்கு எழுதுங்க'ன்னு ஒரு பெட்டி, ஆறு மாசமா அதுல வெளிநாட்டு லாட்டரிக்காரனைத் தவிர ஒருத்தன் எழுதுனதில்ல. இன்னைக்கு வந்துருச்சு. "வணக்கம். நான் லூர்துசாமி, திண்டுக்கல். நானும் மனைவி ரோஸ்லினும் காது கேளாது. குழந்தை பிறந்து இரண்டு மாதம். ரோஸ்லினின் அக்கா கூட இருந்தார். உங்கள் கேளு பார்த்தோம். குழந்தை அழுகை, பச்சை. மிக மகிழ்ச்சி. அக்கா இன்று மதியம் பஸ், திருப்பூர் போகிறார். கம்பெனி லீவு முடிந்தது. இனி கேளு போதும். நன்றி." கீழே போன் நம்பர். படிச்சதும் பாண்டிச்செல்விக்கு என்ன வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? பயமா? இல்ல, சந்தோஷம். சொன்னா வெக்கக்கேடு. தன்னந்தனியா உக்காந்து செஞ்சதை ஒரு ஜீவன் கண்ணால பாத்திருக்குன்னு மனசு துள்ளிக் குதிச்சுருச்சு. புருசன்கிட்ட ஓடிப்போய்க் காட்டுனா. அவனும் "பரவாயில்லையே, திண்டுக்கல் வரைக்கும் போயிருச்சே"ன்னான். மிளகாக் கையோடவே பதிலும் அடிச்சா, "ரொம்ப நன்றிங்க, குழந்தைக்கு வாழ்த்துகள்." அனுப்பிட்டா. அனுப்பிட்டுக் காம்பு கிள்ளிக்கிட்டே இருந்தா. டப்பாவைத் தூக்கிக்கிட்டு மில்லுக்கு நடக்கும்போது, தெருமுனைப் பால்கடைகிட்ட, திடீர்னு அந்த ஒரு சொல்லு மண்டையில வந்து இடிச்சது. பச்சை. பச்சைன்னுல்ல எழுதியிருக்கான் அந்த மனுசன். காலு ரெண்டும் அங்கேயே நின்னுருச்சு.

ஏன்னா குழந்தை அழுகை வேலையே செய்யலை. அதுதான் விசயம், வேற ஒண்ணுமில்ல, இதைச் சொல்லத்தான் வார்த்தை கிடைக்காம நிக்கிறா. கேளுங்கிறது ஒரு சின்ன மென்பொருள், யாரு வேணாலும் எடுத்துக்கலாம், உள்ள பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. போன்ல போட்டு வச்சா வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும். குக்கர் விசில் அடிச்சா போன் அதிரும், எழுத்துல 'குக்கர்'னு வரும். வாசல் மணி அடிச்சா 'வாசல்'. இவ தம்பி சோணைமுத்துக்காக ஆரம்பிச்சது. அவனுக்குப் பிறவியிலேயே காது கேக்காது, அச்சாபீஸ்ல வேலை, தனி வீடு. ஒரு நாள் அவனைப் பாக்கப் போய் மணி அடிச்சு, கதவைத் தட்டி, கம்பியை ஆட்டி, கடைசியில ஜன்னல் வழியா செருப்பை விட்டெறிஞ்சுதான் அவனைத் திரும்ப வச்சா. செருப்பு அவன் காபியிலேயே விழுந்துச்சு. அவன் அக்காவைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அன்னைக்கு வீட்டுக்கு வந்து உக்காந்தவதான். குக்கரும் மணியும் அருமையா வேலை செய்யுது, அதுல ஒரு குறை சொல்ல முடியாது. குழந்தை அழுகையைச் செய்யுறேன்னு சேலத்துக்காரர் தாமரைக்கண்ணன் கையைத் தூக்கினாரு, தானா முன்வந்தவரு, நல்ல மனுசன். கொஞ்ச நாள் செஞ்சாரு, அப்புறம் வேற வேலைக்கு மாறிட்டாரு, ஆளு பேச்சு மூச்சில்ல. அவரு விட்டுட்டுப் போனதை இவ போட்டுப் பாத்தா. ஃபேனை நிறுத்திட்டா அழுகையைக் கண்டுபிடிக்குது, ஃபேன் ஓடுனா செவிடு. ஃபேன் இல்லாம திண்டுக்கல்ல ஒரு பிள்ளை தூங்குமா? ஃபேன் ஓடும். வேகமா ஓடும். பிள்ளை அழுவும், போன் மேசையில கல்லு மாதிரிக் கிடக்கும், ரெண்டு பேரும் அடுத்த ரூம்ல துணி மடிச்சுக்கிட்டு இருப்பாங்க, போன் சும்மாதான் இருக்கு, அதனால பிள்ளை தூங்குதுன்னு நிம்மதியா மடிச்சுக்கிட்டு இருப்பாங்க. கடவுளே. இந்த எடத்துக்கு வந்ததும் நெனப்பு முட்டிக்கிட்டு நிக்கும், உடனே திரும்பிப் போன்ல "ஆரம்பக் கட்டம்"னு அடிப்பா. அடிச்சதை அழிப்பா.

"ஏத்தா, உனக்கு மிளகாயா மல்லியா?" முன்னாடி நின்ன அக்கா காதுகிட்ட வந்து கத்துனா. மிளகான்னு சொன்னா. "அப்ப எனக்கு முன்னாடி நீ போயிராதே, எனக்கு பச்சரிசி, நான் முதல்ல போயிடுறேன், மில்லுல இருக்குற தம்பிகிட்ட சொல்லிரு." பச்சரிசி. பச்சை. எங்க திரும்புனாலும் இந்தச் சனியன். அந்தப் பச்சை எப்படி வந்துச்சுன்னு கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க, அம்புட்டு அல்பமான விசயம். இவளும் கோயம்புத்தூர் ஹக்கீமும் சேர்ந்து வேலை பாக்குற பலகை ஒண்ணு இருக்கு, கணினியிலதான். யாருமே தொடாத வேலைக்குச் சிவப்பு. யாராச்சும் நான் பாக்குறேன்னு எடுத்துக்கிட்டா பச்சை. முடிஞ்சுபோனா நீலம். ஏன் முடிஞ்சதுக்கு நீலம்? ஹக்கீமுக்கு நீலம் பிடிக்கும், அதான். ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் புரியும், அது போதும்னு இருந்தாங்க. பச்சைன்னா அவங்களுக்கு 'ஆள் கிடைச்சாச்சு'. பச்சை விழுந்தா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பூங்கொத்து படம் அனுப்பிக்குவாங்க, ஏன்னா ஆள் கிடைக்கிறதுதான் இந்தத் தொழில்ல குதிரைக்கொம்பு. தளம் கட்டும்போது ஹக்கீம்தான் சொன்னான், "அக்கா, தளத்துக்குத் தனியா வேற எழுதணுமா? பலகையை அப்படியே முகப்புல காட்டிருவோம், நம்ம அங்க மாத்துனா இங்க தானா மாறிக்கும்." அடடா என்ன மூளைன்னு இவளும் மெச்சிக்கிட்டா. தளமோ கண்ணைப் பறிக்கிற அழகு, குக்கர் படம், மணி படம், தொட்டில் படம், பக்கத்துலயே புள்ளி. குக்கர் நீலம், மணி நீலம், தொட்டில் பச்சை. ஊர்ல எவனுக்காச்சும் பச்சையைப் பாத்தா 'ஒருத்தர் எடுத்திருக்காரு, ஆனா ஆளைக் காணோம்'னு தோணுமா? சிக்னல்ல பச்சை விழுந்தா வண்டியை எடுப்பானா, இல்ல யாரோ ரோடு போட ஒத்துக்கிட்டாங்கன்னு நிப்பானா? இதுல கொடுமை, லூர்துசாமி கண்ணுக்கு குக்கரை விட அழுகைதான் நல்லா வேலை செய்யுறதாத் தெரிஞ்சிருக்கும்.

வெளிய வந்து ஹக்கீமைக் கூப்பிட்டா. ஒரு காதைப் பொத்திக்கிட்டா, அப்பவும் பாதிதான் கேட்டுச்சு. சொன்னா. "அக்கா, நம்ம கீழ போட்டிருக்கோமேக்கா, இது ஆரம்பக்கட்டச் சோதனைப் பதிப்புன்னு." போட்டிருக்காங்க. அடியில, சாம்பல் கலர்ல, எறும்பு ஊர்ற மாதிரி. "அதை நீயே படிச்சிருக்கியாடா?"ன்னா இவ. "கோவப்படாதீங்க. பச்சையை எடுக்க வேணாம்னு சொல்லலை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னுதான் சொல்றேன். நம்ம உதவி கேட்டு எழுதியிருந்த அந்த அறக்கட்டளைக்காரங்க வர்ற வாரம் தளத்தைத்தான் பாக்குறாங்க. முகப்புல 'இது வேலை செய்யாது'ன்னு போட்டா எவன் உள்ள வருவான்? அவங்க ஆள் குடுத்தா ஒரே மாசத்துல அழுகையைச் சரி பண்ணிரலாம், அப்ப பச்சை பொய்யே இல்லைல்ல?" அவன் சொல்றதும் நியாயம்தான், அதான் எரிச்சல். கெட்டவன்னா ஒரு வார்த்தையில வெட்டி விட்ரலாம். பாவம் ஆபீஸ் முடிச்சு வந்து ராப்பகலா உழைக்கிறவன், பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழான்னாலும் மடிக்கணினியோட உக்காந்திருக்குறவன். "அவங்களுக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ் போட்ருங்கக்கா, ஊருக்கெல்லாம் எதுக்கு?"ன்னான். "இன்னும் எத்தனை லூர்துசாமின்னு உனக்குத் தெரியுமா? எழுதுனவரு ஒருத்தரு. எழுதாம ஆளை அனுப்புனவங்க?" வச்சுட்டா.

மெசேஜ் அப்பவே போட்டாச்சு. பால்கடைகிட்ட நின்னதும் முதல் வேலையா அதைத்தான் செஞ்சா. "சார், ஒரு விசயம், அழுகை இன்னும் சரியா வேலை செய்யலை, அக்காவை அனுப்பாதீங்க." ஒத்தை டிக். இப்பவும் ஒத்தை டிக். மூட்டை கட்டுற அவசரம், போனைப் பாக்க மாட்டாங்க, இல்ல சிக்னல் இல்ல, இல்ல நெட்டு தீந்துபோச்சு. கூப்பிட்டுச் சொல்லலாம்னா காது கேக்காது. இதை நெனைக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வேற வந்து தொலைச்சது. வீடியோவுல கூப்பிடலாம். கை பாஷை இவளுக்குத் தெரியும், தம்பியோட சின்ன வயசுலருந்து சண்டை போட்டுக் கத்துக்கிட்டது, அப்புறம் முறையாவும் படிச்சா. வீடியோவுல கூப்பிடலாமேடி. கூப்பிடுறதுக்கென்ன. இந்தா, பக்கத்தை முதல்ல திருத்திட்டு, திருத்திட்டோம்னு சொல்றதுக்கு ஒரு முகம் வேணும்ல, திருத்திட்டுக் கூப்பிடுவோம். இப்படித்தான் மனசு பூசி மெழுகும். பக்கத்துக்கு முகம் வேணாம், கூப்பிட்டா முகம் வேணும், அதுதான் உள்குத்து. காலையில நன்றின்னு பல்லைக் காட்டுனவ, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த ஆளுக்கு முன்னாடி கையை ஆட்டுறது? அவரு கேப்பாரு, ஏன் போட்டீங்கன்னு. கேக்கட்டும்னு ஒரு மனசு. ஐயோ கேப்பாரேன்னு ஒரு மனசு. மணி என்னாச்சு, மதியம்னா எப்ப? பன்னெண்டும் மதியம், மூணும் மதியம். பஸ்ஸுக்கு முன்னாடியே கிளம்புவாங்கல்ல. அந்த அக்காவை இவ பாத்ததே இல்ல, ஆனா ஒரு முகம் வந்துருச்சு, ஒல்லியா, தலை வாரி, பனியன் கம்பெனி அடையாள அட்டையைப் பையில போட்டுக்கிட்டு, பிள்ளை உள்ளங்காலை ஒரு தடவை முத்திட்டு. திங்கக்கிழமை வேலைக்குப் போகலைன்னா அந்த இடத்துல வேற ஆளைப் போட்ருவான். போகாதேன்னு சொல்றதுன்னா அந்தப் பொம்பளை பிழைப்புல கை வைக்கிறது. போகட்டும்னு விட்டாலோ. ரெண்டும் இவ போட்ட ஒரு புள்ளியால. எள்ளளவு இருக்குமா அது, அதுக்குள்ள ஒரு குடும்பமே ஏறி உக்காந்திருக்கு.

"மிளகா யாரு? மிளகா அடுத்து ரெடியா இருங்க!" மில்லுக்காரர் தலையில துண்டு, புருவமெல்லாம் மாவு. இவ கையைத் தூக்கிட்டு, டப்பாவைக் காலால ஒரு அடி தள்ளி வச்சுட்டு, அப்படியே பலகையைத் திறந்தா. தொட்டில். பச்சையைத் தொட்டுச் சிவப்பு. ஒரு தட்டுதான், இதுக்கா காலையிலருந்து பிராணன் போச்சு? முகப்புல, சாம்பல் எழுத்தெல்லாம் எடுத்துட்டு, எல்லாத்துக்கும் மேல, இருக்குறதுலயே பெரிய எழுத்துல அடிச்சா. "குழந்தை அழுதால் கேளுக்குத் தெரியாது. இதை நம்பி, கூட இருப்பவர்களை அனுப்பிவிடாதீர்கள். குக்கரும் வாசல் மணியும் மட்டும்தான் வேலை செய்கின்றன." படிச்சுப் பாத்தா. அழகு இல்ல. அறக்கட்டளைக்காரன் பாத்தான்னா ஓடியே போயிருவான். சேமின்னு அமுக்குனா. அப்பாடா. நெஞ்சுல இருந்து ஒரு அம்மிக்கல்லு இறங்கின மாதிரி மூச்சு வந்துச்சு, மிளகாக் காத்துதான், ஆனாலும் மூச்சு. நல்ல காரியம் பண்ணிட்டோம்னு முதுகைத் தானே தட்டிக்கிற மாதிரி ஒரு நெனப்பு. அந்த நெனப்புல ரெண்டு மூச்சு விட்டிருப்பா. மூணாவது மூச்சு விட முடியலை. ஏண்டி கிறுக்கி, அவரு இந்தப் பக்கத்தை இனி எதுக்குப் பாக்கப் போறாரு? பாத்தாச்சு, நம்பியாச்சு, இறக்கியாச்சு, போன்ல போட்டாச்சு. மருந்து வாங்கிட்டுப் போனவன் கடை போர்டை மறுபடி வந்து படிப்பானா? இவ இம்புட்டு நேரம் திருத்துனது இனிமே வரப்போறவங்களுக்கு. வந்துட்டுப் போனவங்களுக்கு என்ன திருத்துன? ஒத்தை டிக். யோசிச்சா மறுபடி நின்னுருவோம்னு பயந்து, யோசிக்காம வீடியோவை அமுக்குனா.

அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுக்கலை. மறுபடி. மூணாவது தடவை திரை ஆடி, ஒரு விட்டம், ஒரு கொடிக்கயிறு, அப்புறம் ஒரு முகம். இளவயசுதான், மீசையில சிரிப்பு. பாண்டிச்செல்வி பேரை எழுதிக் காட்டணும்னு நெனச்சா, கை தானா வேற சொல்லிருச்சு. கேளு, நான், செஞ்சது நான். அவரு முகம் மலர்ந்து, கையைக் கூப்பி, பக்கத்துல ஒரு பொண்ணை இழுத்து, இவங்கதான் இவங்கதான்னு காட்டுறாரு. வேணாம், சிரிக்காதீங்க. இடது கையில போன், வலது கை ஒண்ணை வச்சுக்கிட்டு இவ சொன்னா. அழுகை, வேலை செய்யாது. பச்சை, தப்பு. அக்கா, அனுப்பாதீங்க. அவங்களுக்குப் புரியலை. மறுபடி சொன்னா. வரிசையில நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க, பச்சரிசி அக்கா வாயில கை வச்சுக்கிட்டா. லூர்துசாமி சிரிப்பு கொஞ்சங்கொஞ்சமா இறங்குச்சு. காலையில நன்றி சொன்னீங்களேன்னு கேட்டாரு. ஆமா, அதுவும் தப்பு. பச்சை போட்டது யாரு? நான். ஏன்? பலகை, நீலம், சேலத்துக்காரர், எதையும் கையில சொல்ல வரலை, சொன்னாலும் அது சப்பைக்கட்டுதான். என் தப்பு, அவ்வளவுதான்னா. அவரு ரோஸ்லினைப் பாத்தாரு. அக்கா, பஸ் ஸ்டாண்டு, இப்பத்தான், அவ கையால சொன்னா. போனை அவ கையில திணிச்சுட்டு ஓடுனாரு, வண்டிச் சாவியை எடுத்தது ஓரமாத் தெரிஞ்சது.

ரோஸ்லின் போனை எது மேலயோ சாய்ச்சு வச்சுட்டு எதிர்ல உக்காந்தா. தூக்கம் கெட்ட கண்ணு. கோவமான்னு தெரியலை, கோவமா இருந்தா நல்லா இருக்கும்னு இவளுக்குத் தோணுச்சு. அவ கேட்டது ஒரே கேள்விதான். எப்ப சரியாகும்? ஒரு மாசம்னு ஹக்கீம் சொல்லுவான். சீக்கிரம்னு தளம் சொல்லும், விரைவில்னு எழுதாத தளம் உண்டா உலகத்துல? இவ கையும் ஏதோ ஒரு தேதியைச் சொல்லத்தான் எழுந்துச்சு, ஆறுதலா ஒரு தேதி. அதைப் பாதியில நிறுத்திட்டு, விரிச்சு ஆட்டுனா. தெரியாது. நெசமாவே தெரியாது. அப்பத்தான் ரோஸ்லின் தோளுக்குப் பின்னாடி, பாயில, ஒரு பிஞ்சுக் கால் உதைச்சதை இவ பாத்தா. ஃபேன் காத்துல துணி படபடத்துச்சு. கால் மறுபடி உதைச்சது, கை விரிஞ்சது, முகம் சிவந்து, வாய் அகலமாத் திறந்துச்சு. மில்லுச் சத்தத்துல இவளுக்கும் ஒண்ணும் கேக்கலை. பின்னாடின்னு கையைக் காட்டுனா. ரோஸ்லின் திரும்பலை, அதையும் அவ கேள்விக்குப் பதில்னு நெனச்சு இவ கையையே உத்துப் பாத்தா. பாண்டிச்செல்வி டப்பா மூடி மேல போனைச் சாத்தி வச்சுட்டு, ரெண்டு கையையும் தூக்கிப் பிள்ளையை ஆட்டுற மாதிரி ஆட்டி, கன்னத்துல விரலால கோடு இழுத்தா. பிள்ளை. அழுவுது. உங்களுக்குப் பின்னாடி. ரோஸ்லின் அப்படியே துள்ளி எந்திரிச்சா.

"மிளகா! ஏம்மா, மிளகா உன்னுதுதான? வா வா, கொட்டு!" மில்லுக்காரர் கையை ஆட்டுனாரு. திரையில ரோஸ்லின் பிள்ளையை மார்ல அணைச்சு அமத்தி, பாயில போட்டு, முதுகைத் திருப்பிக்கிட்டு அடுப்பைப் பாக்க உள்ள போனா, போனை நிறுத்தலை, நிலைப்படி வழியா அப்பப்ப எட்டி இவ கையைப் பாத்துட்டுப் போனா. பிள்ளை தூங்குற மாதிரித்தான் இருந்துச்சு. லூர்துசாமி இன்னும் வரலை. அக்காவைப் பிடிச்சாரா, பஸ் போயிருச்சா, எதுவும் தெரியலை. "அடுத்தவங்களுக்குப் போடுங்கண்ணே"ன்னா பாண்டிச்செல்வி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காம. "எனக்கு வேலை இருக்கு. அவங்க வீட்டுக்கு ஆள் வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிட்டு இருக்கணும்."